சரக்குந்து ஓட்டுநரும் இழப்பீட்டு உரிமையும்

(வரிச்சிக்குடியில் உழைக்கும் மக்கள் நடுவே நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



வரிச்சிக்குடியில் இரவு உறங்குவார் ஒவ்வொருவரும் ஓர் ஓசையை அறிவர். கடலோசை ஒருபுறம், பெருஞ்சாலையில் உருளும் சரக்குந்துகளின் ஓசை மற்றொருபுறம். தெற்கே வாஞ்சூர்ப் பக்கம் 2009-ஆம் ஆண்டில் துறைமுகம் இயங்கத் தொடங்கிய பின், அவ்வோசை மிகுந்தது. மலைபோற் குவிந்த நிலக்கரியை உள்நாட்டு ஊர்களுக்குச் சுமந்து செல்லும் ஊர்திகள் எத்தனை! நெல்லும் உரமும் மீனும் மணலும் ஏற்றிச் செல்வன எத்தனை! இலாரி என்று ஊரார் வழங்கும் அச்சரக்குந்துகளின் முன்னிருக்கையில், கண்விழித்துக் கையிறுக்கி உட்கார்ந்திருப்பவன் யார்? இம்மண்ணின் மகன், ஒரு தாயின் பிள்ளை, ஒரு பெண்ணின் கணவன்.

அவன் ஓட்டிச் செல்லும் சரக்குக்குக் காப்புறுதி உண்டு. ஊர்திக்குக் காப்புறுதி உண்டு. சரக்கு சிதறினால் அதன் விலையைக் கேட்க வணிகன் வருவான். ஊர்தி நசுங்கினால் அதன் விலையைக் கேட்க உடைமையாளன் ஓடுவான். ஓட்டுநரின் கால் நசுங்கினால், அதன் விலையைக் கேட்க வருவார் யார்? இவ்வொரு வினாவுக்கு விடை காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

நடப்பது யாது என்று முதலிற் பார்ப்போமாக.

வரிச்சிக்குடியைச் சேர்ந்த ஓட்டுநர் ஒருவர் என்க. அகவை முப்பத்தைந்து. நள்ளிரவு கடந்து இரண்டு மணி. தொலைவூர் ஒன்றில், சாலையோரத்தில் விளக்கின்றி நின்றிருந்த ஊர்தியின் மேல் அவர் வண்டி மோதுகின்றது. முன்பகுதி உள்வாங்கி, வலக்கால் சிக்கிக்கொள்கின்றது. மருத்துவமனையில் முழங்காலுக்குக் கீழே கால் எடுக்கப்படுகின்றது. செய்தி கேட்ட மனைவி, கைக்குழந்தையோடும் கடன் வாங்கிய பணத்தோடும் ஓடுகின்றாள். மூன்றாம் நாள் உடைமையாளரின் ஆள் ஒருவர் வருகின்றார். பழக்கூடையும் கொண்டு வருகின்றார். “முதலாளி மனமிரங்கி இருபதாயிரம் கொடுத்தனுப்பினார், தவறு உன் கணவன் மேல்தான், ஆயினும் அவர் நல்லவர், வாங்கிக்கொண்டு இதிலே ஓர் ஒப்பம் போடு” என்கின்றார். நீட்டிய தாள் ஆங்கிலத்தில் இருக்கின்றது. அவள் படித்தது தமிழ். அந்நேரத்தில் அவள் கண்ணீரில் எந்த எழுத்தும் தெரியவில்லை. ஒப்பமிடுகின்றாள். கும்பிடவும் கும்பிடுகின்றாள்!

தோழர்களே, இது கற்பனையாகச் சொல்லப்பட்டது. ஆயினும் இதைப்போன்ற ஒன்றைக் கேளாத தெரு சாலையோர ஊர்களில் உண்டா? அந்தக் கும்பிடுதான் நெஞ்சைச் சுடுகின்றது. தனக்கு உரியதில் ஒரு துளியை, பிறர் ஈந்த பிச்சையென்று எண்ணி அவள் கும்பிட்டாள். அறியாமையால் நேர்ந்த கும்பிடு அது.

அவளுக்கு உரியது எவ்வளவு? சட்டம் வகுத்த கணக்கு உண்டு. நிலையாக முழுதும் உழைப்பாற்றல் இழந்தவருக்கு, திங்களூதியத்தில் நூற்றுக்கு அறுபது பங்கை எடுத்து, அவர் அகவைக்குரிய பெருக்கெண்ணால் பெருக்க வேண்டும். முப்பத்தைந்து அகவைக்குரிய எண் 197.06. கணக்கிற்குக் கொள்ளத்தகும் ஊதியத்தின் மேல்வரம்பு 2020 சனவரி 3 முதல் 15,000 உருபா என வகுக்கப்பட்டது. அவ்வூதியத்திற்கு அறுபது பங்கு 9,000, அதனை 197.06-ஆற் பெருக்க வருவது 17,73,540 உருபா. உயிரே போயிருப்பின் நூற்றுக்கு ஐம்பது பங்கு. அப்போது 14,77,950 உருபா. பழக்கூடையோடு வந்த இருபதாயிரம் எங்கே? பதினேழு இலக்கத்து எழுபத்து மூவாயிரம் எங்கே? இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள தொலைவு, அறியாமைக்கும் அறிவுக்கும் இடையிலுள்ள தொலைவே.

இவ்வுரிமை எளிதில் வந்ததன்று. இதன் வரலாறும் ஒரு சுமைவண்டியிலேயே தொடங்குகின்றது என்பது அறியத்தக்கது. இங்கிலாந்தில் இறைச்சி வணிகன் ஒருவனிடம் வேலை செய்த இளைஞன், அளவுக்கு மீறிச் சுமையேற்றிய குதிரைவண்டியில் அனுப்பப்பட்டான். வண்டி முறிந்து வீழ்ந்தது. அவன் தொடையெலும்பும் முறிந்தது. வழக்குத் தொடுத்தான். சான்றாயத்தார் நூறு பவுன் வழங்கச் சொல்லினர். ஆனால் 1837-இல் ஆபிங்கர் பெருமகன் தலைமையில் அமைந்த நயமன்றம் அதனைத் தள்ளிவிட்டது. வேலையிலுள்ள இடரை ஏற்றுக்கொண்டே ஆள் வேலைக்கு வருகின்றான், வேண்டாவெனில் மறுத்திருக்கலாம், ஆண்டையைப் பொறுப்பாக்கினால் எல்லையின்றிப் போகும் என்பது அதன் கருத்து. பசித்தவன் வேலையை மறுக்கலாமாம்! சுமை மிகுதி என்று சொல்லி இன்று ஒரு சரக்குந்து ஓட்டுநர் சாவியைத் திருப்பிக் கொடுத்தால், அந்தச் சாவியை வாங்க வேறொருவர் வாயிலில் நிற்பார் என்பது யாருக்குத் தெரியாது?

அத்தீர்ப்பின் நிழலில் அறுபது ஆண்டுகள் உழைப்பாளி நைந்தான். செருமனியில் 1884-இல் வேலையிடர்க் காப்புறுதிச் சட்டம் வந்தது. இங்கிலாந்தில் 1897-இல் இழப்பீட்டுச் சட்டம் வந்தது. பிரெஞ்சு நாட்டில் 1898 ஏப்பிரல் 9-இல் வந்தது. இந்தியாவில் 1923-இல் இயற்றப்பட்டு 1924 சூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. இவற்றின் உட்கருத்து ஒன்றே. தொழிலில் வரும் ஊதியம் முதலாளியைச் சேர்வது போல, தொழிலில் வரும் இடரின் சுமையும் முதலாளியைச் சேர வேண்டும். பொறி பழுதானால் அதனைச் செப்பனிடும் செலவு தொழிற்செலவு. மாந்தன் பழுதானால் அச்செலவு மட்டும் அவன் வீட்டுச் செலவா?

காரைக்கால் மண்ணுக்கு இதில் மற்றொரு பாடமும் உண்டு. இப்பகுதி 1954 நவம்பர் முதல் நாள் வரை பிரெஞ்சார் ஆட்சியில் இருந்தது. அவ்வாட்சியில், 1936 சூலை 30 அன்று புதுச்சேரியில் போராடிய ஆலைத் தொழிலாளர் மேல் துப்பாக்கி பாய்ந்தது, பன்னிருவர் மாண்டனர். அதன் பின்னரே உழைப்பாளர் உரிமைகளை அவ்வரசு ஏற்க நேர்ந்தது. ஏட்டில் எழுதிய ஒவ்வோர் உரிமைக்கும் பின்னால் எவருடைய குருதியோ இருக்கின்றது. ஆகவே அதனைப் படியாமல் விடுவதும் கேளாமல் விடுவதும் மாண்டவர்க்குச் செய்யும் இரண்டகமாகும்.

1923-ஆம் ஆண்டுச் சட்டம் 2025 நவம்பர் 21 அன்று சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துள் அடங்கிவிட்டது. சிலர் இதனைச் சொல்லி, “பழைய சட்டம் போய்விட்டது, இனி ஒன்றும் கிடையாது” என்று அச்சுறுத்துவர். அது பொய். அத்தொகுப்பின் ஏழாம் இயல் பழைய சட்டத்தின் உயிரைத் தாங்கி நிற்கின்றது. முன்பு ஆணையர் என்றவரை இன்று உரிய அலுவலர் என்கின்றனர். பெயர் மாறிற்று, முதலாளியின் பொறுப்பு மாறவில்லை.

இனி, ஓட்டுநர்க்குச் சொல்லப்படும் பொய்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தல் வேண்டும்.

முதற்பொய்: “தவறு உன்னுடையது, ஆகவே உனக்கு ஒன்றும் இல்லை” என்பது. ஊர்திச் சட்டத்தின்கீழ், எதிர் ஊர்தியின் மேல் தொடுக்கும் வழக்கில்தான் எவர் தவறு என்ற வினா பெரிதாகும். வேலையிழப்பீட்டில் வினா வேறு. இடர் வேலையினால் நேர்ந்ததா? வேலையின்போது நேர்ந்ததா? இவ்வளவே. கண்ணயர்ந்தார், கணிப்புத் தவறினார் என்பதற்காக உரிமை போகாது. குடித்திருந்தமை, பாதுகாப்புக் கட்டளையை வேண்டுமென்றே மீறியமை, காப்புக் கருவியை வேண்டுமென்றே அகற்றியமை ஆகியவற்றால் இடர் நேரின் முதலாளி விலகலாம். அங்கும், உயிர் போயிருப்பினோ நிலையான முழு முடக்கம் நேர்ந்திருப்பினோ அவ்விலக்கும் முதலாளிக்குக் கிடையாது. ஏனெனில் குடித்தவன் குற்றத்துக்கு அவன் பிள்ளை பட்டினி கிடத்தல் ஆகாது. இரண்டு சட்டங்களிலும் வழி இருக்குமாயின், ஒன்றையே தேர்ந்துகொள்ள வேண்டும். இரண்டிலும் பெறுதல் இயலாது. எதிர் ஊர்தியின் தவறு தெளிவாக இருப்பின் ஊர்திச் சட்டத்தில் மிகுதியும் கிடைக்கக்கூடும். அதனைத் தேர்ந்து சொல்ல நல்ல வழக்குரைஞரை நாடுக.

இரண்டாம் பொய்: “நீ நிலையான ஆள் அல்லை, நடைக்கு வந்தவன்” என்பது. அன்றாடக் கூலியாளை விலக்கிவைத்த சொற்றொடர் பழைய சட்டத்தில் இருந்தது உண்மை. அது 2000-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீக்கப்பட்டுவிட்டது. ஊர்தி ஓட்டுநரும், கிளீனர் எனப்படும் துணையாளும் சட்டத்தின் பட்டியலிலேயே இடம்பெற்றவர். நிறுவனம் ஒன்று ஒப்பந்தக்காரர் வழியாக ஆளை வைத்துத் தன் தொழிலை நடத்துமாயின், அந்நிறுவனத்தின் மேலும் பொறுப்பு உண்டு.

மூன்றாம் பொய்: “வண்டி ஓடும்போது அடிபடவில்லையே” என்பது. ஓட்டுநரின் வேலை உருளிகள் சுழலும் நேரத்தோடு முடிவதன்று. சரக்கின் மேல் ஏறிப் பாய் கட்டும்போது வழுக்கி வீழ்ந்தாலும், சாலையோரத்தில் பழுது பார்க்கும்போது பின்வந்த ஊர்தி மோதினாலும், அது வேலையின் இடரே. உச்சநயமன்றம் 2012-இல் தீர்த்த வழக்கொன்று நினைவிற் கொள்ளத்தக்கது. தில்லியிலிருந்து கிழக்கே ஆயிரங்கல்லிற்கும் மேற்பட்ட கிலோமீட்டர் ஓட்டிச் சென்ற சரக்குந்து ஓட்டுநர் ஒருவர், உடல்நலங்குன்றி வண்டியை ஓரமாக நிறுத்தினார்; உயிர் நீத்தார். மோதல் இல்லை, காயம் இல்லை. ஆகவே இழப்பீடு இல்லை என்று வாதிடப்பட்டது. நெடுந்தொலைவு ஓட்டிய வேலையின் அழுத்தமே சாவை விரைவுபடுத்தியது என்று ஏற்று, அவர் குடும்பத்துக்கு உச்சநயமன்றம் இழப்பீடு வழங்கிற்று. எனினும் நோயால் நேரும் எல்லாச் சாவுக்கும் இது பொருந்தும் என்று கொள்ளற்க. வேலைக்கும் சாவுக்கும் உள்ள தொடர்பைக் காட்டியாக வேண்டும். எத்தனை மணி ஓட்டினார், எப்போது உறங்கினார், எப்போது உண்டார் என்பவை அங்கே உயிர்ச்சான்றுகளாகும்.

நான்காம் பொய்: “ஒரு கால்தானே போயிற்று, சட்டத்தில் அதற்கு அரைப்பங்குதான்” என்பது. சட்டத்தின் பட்டியலில் உறுப்பிழப்புக்கு விழுக்காடுகள் உள்ளன. கட்டைவிரலுக்கு முப்பது; மற்றொரு கண் நன்றாயிருக்க ஒரு கண்ணை இழந்தால் நாற்பது. ஆனால் உறுப்பை மட்டும் அளந்தால் போதுமா? அவ்வுறுப்பைக் கொண்டு செய்த தொழிலையும் அளக்க வேண்டாவா? 1975-இல் உச்சநயமன்றம் ஒரு தச்சரின் வழக்கைத் தீர்த்தது. இடக்கை முழங்கைக்கு மேலே எடுக்கப்பட்டிருந்தது. ஒற்றைக்கையால் தச்சு வேலை செய்ய இயலாது. ஆகவே இழப்பு முழுமை என்று மன்றம் ஏற்றது. 2008-இல் வந்த வழக்கு ஓட்டுநரையே பற்றியது. கருநாடகத்தைச் சேர்ந்த தாங்கியுந்து ஓட்டுநர் ஒருவர் முழங்கால் அளவில் வலக்காலை இழந்தார். ஆணையர் நூற்றுக்கு நூறு என்றார். உயர்நயமன்றம் அறுபத்தைந்தாகக் குறைத்தது. உச்சநயமன்றமோ, வலக்கால் இல்லாதவர் ஊர்தி ஓட்டும் தொழிலுக்கு மீள முடியாது என்று கொண்டு நூற்றுக்கு நூறையே நிலைநிறுத்தியது. மருத்துவர் எழுதும் விழுக்காடு உடம்பைப் பற்றியது. இழப்பீடு பிழைப்பைப் பற்றியது. இவ்வேறுபாட்டை ஓட்டுநர் ஒவ்வொருவரும் மனத்திற் பதித்துக்கொள்ளல் வேண்டும்.

ஐந்தாம் பொய்: “நீதான் ஒப்பமிட்டுவிட்டாயே” என்பது. இது பொய்களிலெல்லாம் கொடிய பொய். இழப்பீட்டு உரிமையைத் துறப்பதாகவோ குறைத்துக்கொள்வதாகவோ தொழிலாளி எழுதிக்கொடுக்கும் உடன்படிக்கை அந்த அளவில் செல்லாது என்பதே சட்டம். பழைய சட்டத்தின் பதினேழாம் பிரிவு அதற்கெனவே எழுதப்பட்டது. உயிரிழந்தவரின் குடும்பத்துக்கு முதலாளி நேரே கையிற் கொடுக்கும் பணம் இழப்பீடாகவே கொள்ளப்படாது. ஆணையரிடத்தே கட்ட வேண்டும். மூன்று திங்களூதிய அளவிற்கு முன்பணமாகக் கொடுத்ததை மட்டும் கழித்துக்கொள்ளலாம் என்றும் வகுத்தது. ஏன் இவ்வளவு காப்பு? சட்டம் எழுதியவர்க்கும் பழக்கூடையோடு வருபவரைத் தெரிந்திருந்தது, அவ்வளவே!

ஆயினும் ஒன்று. செல்லாத தாளும் அறியாதவனிடத்தில் செல்லுகின்றது. புரியாத மொழியில் எழுதிய தாளுக்கு முன்னால் மாந்தன் தலைகுனிகின்றான். அதிலே தன் தோல்வி எழுதப்பட்டிருப்பதாக நம்புகின்றான். தமிழில் எழுதித் தருமாறு கேட்பதும், படித்துக்காட்டச் சொல்வதும், படிக்கும் வரை ஒப்பம் இடேன் என்பதும் வெறும் மொழிப்பற்றல்ல. சோற்றைக் காக்கும் வேலி. தாய்மொழியில் தன் உரிமையின் பெயரை அறியாதவன், அவ்வுரிமையை வேறெந்த மொழியிற் கேட்பான்? “நிவாரணம்” என்று ஒருவர் சொல்லுவார். “தருமம்” என்று மற்றொருவர் சொல்லுவார். இழப்பீடு என்பதே அதன் பெயர். இழந்ததற்கு ஈடு. கொடையில் கொடுப்பவன் கை மேலே; இழப்பீட்டில் மேல்கை கீழ்க்கை என்பது இல்லை.

ஆறாம் பொய்: “இடர் நேர்ந்த ஊரில் போய் வழக்காடு” என்பது. வரிச்சிக்குடியிலிருந்து வடக்கே சிறிது நேரம் ஓட்டினால் புதுச்சேரி ஆட்சிப்பகுதி முடிந்து தமிழ்நாடு தொடங்கிவிடும். மேலும் ஓட்டினால் ஆந்திரம், மராட்டியம். முன்பு இடர் நேர்ந்த இடத்திற்கே அலைய வேண்டியிருந்தது. 1995-ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை மாற்றி, முறையிடுபவர் வாழும் பகுதியிலும் முறையிடலாம் என்றது. கைக்குழந்தையோடு ஒரு கைம்பெண் புரியாத மொழி வழங்கும் ஊர்க்குப் பயணம் போக வேண்டியதில்லை.

கால எல்லை ஒன்று உண்டு: இடர் நேர்ந்த நாளினின்று இரண்டாண்டுகள். தக்க கரணியம் இருப்பின் காலத்தாழ்வைப் பொறுத்துக்கொள்ளலாம். அதனை நம்பி இருத்தல் கூடாது. முதலாளியும் காலந்தாழ்த்தல் ஆகாது. இழப்பீடு இடர் நேர்ந்த நாளிலேயே கடனாகிவிடுகின்றது. தீர்ப்பு வந்த நாளில் பிறப்பதன்று. தச்சரின் வழக்கில் உச்சநயமன்றம் நிறுவிய உண்மை இதுவே. ஒரு திங்களுக்குள் செலுத்தவில்லையெனில் நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டி. தக்க கரணியமின்றித் தாழ்த்தினால் இழப்பீட்டில் பாதியளவு வரை ஒறுப்புத்தொகை. வட்டியைக் காப்புறுதி நிறுவனம் ஏற்க வேண்டும் என்றும், ஒறுப்புத்தொகையை முதலாளியே தம் பையிலிருந்து தர வேண்டும் என்றும் 1997-இல் உச்சநயமன்றம் தீர்த்தது. மேல்முறையீடு செய்ய விரும்பும் முதலாளி, இழப்பீட்டுத் தொகையை முதலில் கட்டியாக வேண்டும். இழுத்தடித்து ஏழையைச் சாகடிக்கும் கலைக்குச் சட்டம் இட்ட கடிவாளம் இது.

காலும் கையும் போகாமல், சில திங்கள் படுக்கையில் கிடப்பாரும் உளர். அவர்க்கு, திங்களூதியத்தில் காற்பங்கு அரைத்திங்களுக்கு ஒருமுறை, ஐந்தாண்டுகள் வரை உரியது. 2009-ஆம் ஆண்டுத் திருத்தத்தால், உண்மையாகச் செலவான மருத்துவச் செலவையும் முதலாளி தர வேண்டும் என்பது சேர்ந்தது.

ஆயின், சான்றில்லாத உரிமை சாய்ந்த சுவர். ஓட்டுநர்களிற் பலர் ஊதியத்தைக் கையில் வாங்குகின்றனர். நடைப்படி என்றும் சாப்பாட்டுப்படி என்றும் வாங்குகின்றனர். எதற்கும் தாள் இல்லை. இடர் நேர்ந்த பின் முதலாளி, “இவர் என்னிடம் வேலை பார்த்ததே இல்லை” என்று சொன்னால் என் செய்வது? ஆகவே இன்றே தொடங்குக. ஒரு சிறு குறிப்பேடு வைத்து, புறப்பட்ட நாளும் நேரமும், ஊர்தியின் எண்ணும், ஏற்றிய சரக்கும், பெற்ற பணமும் எழுதிவருக. ஊதியத்தை வங்கி வழியே கேட்டுப் பெறுக. எடைச்சீட்டிலும் சுங்கச்சாவடிச் சீட்டிலும் ஒரு படியை வீட்டில் வைக்க. ஓட்டுரிமம் காலங்கடவாமல் பார்த்துக்கொள்க. உரிமம் இல்லையென்றால் காப்புறுதி நிறுவனம் நழுவ வாயில் திறந்துவிடும். ஊர்திக் காப்புறுதியில் ஓட்டுநர், துணையாள் பொறுப்பும் சேர்ந்துள்ளதா என்று முதலாளியைக் கேட்க. இடர் நேர்ந்தால், முதல் தகவல் அறிக்கையின் படியையும் மருத்துவமனைத் தாள்களையும் திரட்டுக. முதலாளிக்கு எழுத்தில் அறிவிக்க. தொழிலாளர் துறை அலுவலகத்தை அணுகுக.

இவற்றைத் தனியொருவர் செய்தல் அரிது. காலிழந்து கிடப்பவர் எங்ஙனம் தாள் திரட்டுவார்? அங்கேதான் தோழமை வேண்டும். ஓட்டுநர் பத்துப்பேர் கூடினால் ஒரு சங்கம். எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர் இருவர் கூடினால் அச்சங்கத்துக்கு ஒரு கை. பழக்கூடை வரும் நாளில், அப்பெண்ணின் அருகே ஊரார் ஒருவர் நின்று, “அம்மா, பொறு, படித்துப் பார்ப்போம்” என்று சொன்னால் போதும். அவ்வொரு சொல்லின் விலை பதினேழு இலக்கம். அதனைச் சொல்ல வழக்குரைஞர் வேண்டா. தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் போதும்.

வேலை கொடுத்தவர் எல்லாரும் கொடியவர் என்பது இவ்வுரையின் கருத்தன்று. ஒற்றை வண்டியைக் கடனில் வாங்கித் தவணை கட்டுபவரும் இவ்வூரில் உளர். அவர்க்கும் இது நன்மையே. முறையாகக் காப்புறுதி எடுத்திருப்பின், இழப்பீட்டை நிறுவனம் செலுத்தும். அவர் வீடும் தப்பும், ஓட்டுநர் வீடும் தப்பும். சிறு தொகையைச் சேமிக்க எண்ணிக் காப்புறுதியைக் குறைப்பவர், தம் தலையிலும் தம் ஆளின் தலையிலும் கல்லைக் கட்டிக்கொள்கின்றார்.

தமிழ்ப் பெருமக்களே! இன்றிரவும் சரக்குந்துகள் வரிச்சிக்குடியைக் கடந்து செல்லும். அவ்வோசை கேட்கும்போது, முன்னிருக்கையில் இருப்பவனின் வீட்டையும் நினைக்க. ஓட்டுநர் இல்லங்களில் இன்றே இச்செய்தியைச் சொல்லுக. நீட்டிய தாளைப் படியாமல் எவரும் ஒப்பமிடாதிருக்கும் ஊராக இவ்வூர் ஆகட்டும். உரியதைப் பெற்றவள் யாரையும் கும்பிட வேண்டுவதில்லை. நிமிர்ந்து நிற்றலே போதும்.

உழைப்பாளர் உரிமை ஓங்குக!